அத்தியாயம் 6: அசைத்துப் பார்க்கும் கணிதம்

கணிதப் பாடத்துக்கு இணையத்தில் என்ன கிடைக்கிறது என்று தேட ஆரம்பித்தால் இரவு முழுவதும் தேடிக்கொண்டிருக்கலாம். காணொலி, செயலி, விளையாட்டு, பயிற்சித்தாள் என்று வந்துகொண்டே இருக்கும். அவற்றையெல்லாம் இங்கே பட்டியல் போடப் போவதில்லை. பட்டியல் அடுத்த ஆண்டே பழசாகிவிடும். நல்லதைத் தேர்ந்தெடுக்கும் பழக்கம் வந்துவிட்டால் பட்டியல் தேவைப்படாது.

எந்தப் பொருளைத் திறந்தாலும் முதலில் இதைக் கேளுங்கள்: மாணவர் தன் கையால் மாற்றக்கூடியது இதில் எது? முக்கோணத்தின் முனையா, சமன்பாட்டின் கெழுவா, பகடை உருட்டும் எண்ணிக்கையா? மாற்ற எதுவும் இல்லையென்றால் அந்தப் படம் ஏற்கெனவே பாடநூலில் இருக்கிறது. அதையே திரையில் பெரிதாகக் காட்ட ஒரு பாடவேளையைச் செலவிட வேண்டாம்.

மாற்ற ஏதோ இருக்கிறது என்றால் அடுத்த வேலை உங்களுடையது. மாணவர் சுட்டெலியைத் தொடுவதற்கு முன்னால், என்ன நடக்கும் என்று நோட்டில் எழுத வேண்டும். சரியோ தவறோ, எழுதியே ஆக வேண்டும். எழுதாமல் பார்த்தால் திரையில் வருவதெல்லாம் "ஆமாம், அப்படித்தானே" என்று கடந்துபோகும். எழுதிவிட்டுப் பார்க்கும் பிள்ளைக்குத் தன் கணிப்பு பொய்த்த இடம் மறக்காது. இந்த அத்தியாயத்தில் வரும் எல்லாப் பாடங்களும் இந்த வரிசையில்தான் நடக்கின்றன: எழுது, அசை, ஒப்பிடு, பிறகு காரணம் சொல்.

ஜியோஜீப்ராவோடு தொடங்குங்கள்

ஒரே ஒரு மென்பொருளைக் கற்றுக்கொள்ளத்தான் நேரம் இருக்கிறது என்றால் ஜியோஜீப்ராவைக் கற்றுக்கொள்ளுங்கள். ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் ஹோஹன்வார்ட்டர் 2001-இல் தன் முதுகலை ஆய்வுக்காகத் தொடங்கியது இது. வடிவியலும் இயற்கணிதமும் ஒரே திரையில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். இடப்பக்கம் சமன்பாட்டை மாற்றினால் வலப்பக்கம் கோடு மாறும். கோட்டை இழுத்தால் சமன்பாடு மாறும். வணிக நோக்கமில்லாத பயன்பாட்டுக்கு இலவசம். கணினியில் ஒருமுறை நிறுவிவிட்டால் இணையம் இல்லாமலும் ஓடும். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் "இணையச் செயல்பாடு" என்ற தலைப்பில், விரைவுக் குறியீட்டோடு வரும் பக்கங்களில் பெரும்பாலானவை ஜியோஜீப்ரா பணித்தாள்களே. அந்தப் பக்கத்தைத் தேர்வுக்கு வராது என்று தாண்டிப் போகிறோம். அது வருத்தமான விஷயம். பாடத்தின் மையக் கருத்து பல இடங்களில் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது.

முதல் வகுப்பில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு சதுரம் வரையச் சொல்லுங்கள். வேறு எந்த விளக்கமும் வேண்டாம். ஏறக்குறைய எல்லோரும் கண்ணளவில் நான்கு புள்ளிகளை வைத்து இணைப்பார்கள். பார்க்கச் சதுரம்தான். இப்போது ஒரு முனையை இழுக்கச் சொல்லுங்கள். சதுரம் கலைந்து ஏதோ ஒரு நாற்கரம் ஆகிவிடும். "இழுத்தாலும் சதுரமாகவே இருக்கும் சதுரம் ஒன்றை உருவாக்க முடியுமா?" என்று கேளுங்கள். இங்கேதான் வடிவியல் ஆரம்பிக்கிறது. ஒரு பக்கத்தை வரைந்து, அதன் முனையில் செங்குத்துக்கோடு எழுப்பி, பக்கத்தின் நீளத்தை ஆரமாகக் கொண்டு வட்டம் போட்டு, வட்டமும் செங்குத்துக்கோடும் வெட்டும் இடத்தில் அடுத்த முனையை வைக்க வேண்டும். இப்படி அமைத்த சதுரம் இழுத்தால் பெரிதாகும், சிறிதாகும், சுழலும், சதுரமாகவே இருக்கும். சதுரத்தின் வரையறையை மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு அந்த வரையறை என்ன வேலை செய்கிறது என்பது இதில் தெரியும். செய்து முடித்தவர்களிடம் சாய்சதுரம், இணைகரம், பட்டம் என்று ஒவ்வொன்றாகக் கொடுங்கள். இழுத்துப் பார்ப்பதே தேர்வு. நீங்கள் திருத்த வேண்டியதில்லை.

இதே மென்பொருளில் நான் மிகவும் மதிக்கும் பாடம் ஒன்பதாம் வகுப்பில் இருக்கிறது. முக்கோணத்தின் மையங்கள் நான்கையும் மாணவர்கள் அளவுகோல், கவராயம் கொண்டு வரைகிறார்கள். நடுக்கோட்டு மையம், செங்கோட்டு மையம், சுற்றுவட்ட மையம், உள்வட்ட மையம் ஆகிய நான்கும் நான்கு தனித்தனிக் கணக்குகளாக, நான்கு தனித்தனி முக்கோணங்களில் வருகின்றன. அவற்றுக்குள் என்ன உறவு என்று யோசிக்க வாய்ப்பே இல்லை. நோட்டில் கவராயம் கொண்டு வரைவதை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். கை பழக வேண்டும். அது முடிந்தபின் ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்குங்கள்.

ஒரே முக்கோணத்தில் நான்கு மையங்களும் குறிக்கப்பட்ட கோப்பு ஒன்றை முன்னதாகவே தயாரித்துக்கொள்ளுங்கள். துணைக்கோடுகளை மறைத்துவிடுங்கள், நான்கு புள்ளிகளுக்கு நான்கு நிறம் போதும். எந்தப் புள்ளி எந்த மையம் என்று சொல்ல வேண்டாம். முக்கோணம் குறுங்கோணமாக இருக்கும்போது நான்கும் உள்ளே இருக்கும். "ஒரு முனையை இழுத்துக்கொண்டே போனால் எந்தப் புள்ளி வெளியே போகும்? எப்போது போகும்?" என்று கேட்டு, பதிலை எழுதச் சொல்லுங்கள். பிறகு இழுக்கட்டும்.

இரண்டு புள்ளிகள் உள்ளேயே தங்கும். மற்ற இரண்டும் கோணம் 90 பாகையைத் தாண்டும் அதே நொடியில் வெளியேறும். சரியாக 90-இல் நிறுத்தச் சொன்னால், ஒன்று செங்கோண முனையின் மேலேயே உட்கார்ந்திருக்கும். மற்றது கர்ணத்தின் நடுப்புள்ளியில் இருக்கும். எது எந்த மையம் என்று மாணவர்களே இப்போது வாதாடுவார்கள். செங்கோண முக்கோணத்தின் இரண்டு பக்கங்களே குத்துக்கோடுகளாகவும் இருப்பதால், செங்கோட்டு மையம் அந்த முனைதான் என்று ஒரு பிள்ளை சொல்லிவிட்டால் அன்றைய பாடம் நடந்துவிட்டது. முனையை எதிர்ப்பக்கத்தை நோக்கி அமுக்கிக்கொண்டே போனால் செங்கோட்டு மையம் திரையை விட்டே ஓடிவிடும். அது எங்கே போனது என்ற கேள்வி நிச்சயம் வரும். பதில் சொல்ல அவசரப்பட வேண்டாம். வீட்டில் யோசித்து வரட்டும்.

கடைசிப் பத்து நிமிடம் இதற்கு: செங்கோட்டு மையத்துக்கும் சுற்றுவட்ட மையத்துக்கும் இடையே ஒரு கோடு போடச் சொல்லுங்கள். நடுக்கோட்டு மையம் அதன் மேல் விழும். முக்கோணத்தை எப்படி உருக்குலைத்தாலும் விழும். செங்கோட்டு மையத்திலிருந்து அதன் தூரம், சுற்றுவட்ட மையத்திலிருந்து அதன் தூரத்தைப் போல எப்போதும் இரண்டு மடங்கு. இதைக் கண்டவர் லியோனார்டு ஆய்லர். அந்தக் கோட்டுக்கு அவர் பெயரே இருக்கிறது. உள்வட்ட மையம் மட்டும் அந்தக் கோட்டில் சேராமல் தனியாக நிற்கும். முக்கோணம் இருசமபக்கமாகும்போது அதுவும் வந்து சேரும். சமபக்கமானால் நான்கும் ஒரே புள்ளியாகிவிடும், கோடு போட இரண்டு புள்ளிகள் இருக்காது. ஒரு கோடு காணாமல் போவதற்கும் காரணம் இருக்கிறது என்று பதினான்கு வயதில் தெரிந்துகொள்வது எவ்வளவு பெரிய சொத்து!

இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, தோராயமாக்கல். கோணங்களை முழு எண்ணாகக் காட்டும்படி அமைத்திருந்தால், 60.4, 60.4, 59.2 பாகை கொண்ட முக்கோணம் திரையில் 60, 60, 59 என்று தெரியும். கூட்டினால் 179. "சார், கம்ப்யூட்டர் தப்பு" என்ற குரல் எழும். அதை அடக்கிவிட்டுப் போக வேண்டாம். மற்ற பாடத்தை நிறுத்திவிட்டு, ஏன் 179 வந்தது என்று அவர்களையே கண்டுபிடிக்க விடுங்கள். தசமப் புள்ளிக்குப்பின் இரண்டு இலக்கம் காட்டச் சொன்னாலும் சில வேளை 0.01 இடிக்கும். அளவிடுவதும் நிறுவுவதும் வேறு வேறு என்பதைச் சொல்ல இதைவிட நல்ல தருணம் வாய்க்காது.

இரண்டாவது அதோடு சேர்ந்தது. ஆயிரம் முக்கோணத்தை இழுத்துப் பார்த்தாலும் அது நிரூபணம் ஆகாது. ஒரு முறை பார்த்தவுடனேயே நம்பிவிட்ட மாணவருக்கு நிரூபணத்தின் தேவை புரியாமல் போகும் அபாயம் இந்த மென்பொருளில் உண்மையாகவே இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு முறையும் கடைசிக் கேள்வி "எப்போதும் இப்படித்தான் நடக்குமா?" என்பதாக இருக்கக் கூடாது, "ஏன் இப்படி நடக்கிறது?" என்பதாக இருக்க வேண்டும். முன்னதற்குத் திரையே பதில் சொல்லிவிடும். பின்னதற்குச் சுண்ணக்கட்டியை எடுத்துக்கொண்டு கரும்பலகைக்குத்தான் போக வேண்டும்.

வரைபடங்கள்

வரைபடத்துக்கு ஜியோஜீப்ராவே போதும். ஆனால் டெஸ்மோஸ் என்ற வரைபடக் கணிப்பான் இன்னும் எளிது. 2011-இல் வெளிவந்தது, இலவசம், கைப்பேசியிலும் நன்றாக ஓடும். சமன்பாட்டைத் தட்டினால் கோடு வந்துவிடும். கெழுவின் இடத்தில் ஓர் எழுத்தைப் போட்டால் அதை நகர்த்த ஸ்லைடர் வேண்டுமா என்று அதுவே கேட்கும்.

பத்தாம் வகுப்பில் இருபடிச் சமன்பாட்டின் வரைபடம் நடத்தும்போது இதைச் செய்யுங்கள். எக்ஸ் வர்க்கத்தின் கெழு 1, மாறிலி 1, நடுவிலுள்ள எக்ஸின் கெழு மட்டும் மாறக்கூடியது. அந்தக் கெழுவை நகர்த்தினால் பரவளையம் எப்படிப் போகும்? வகுப்பில் பெரும்பாலோர் இடமும் வலமும் நகரும் என்று எழுதுவார்கள். நகர்த்திப் பார்த்தால் பக்கவாட்டில் போவதோடு கீழேயும் இறங்குகிறது. கெழு சுழியத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போகும்போதும் அதேபோல் இறங்குகிறது. பரவளையத்தின் முனை போகும் தடத்தைப் பதியச் செய்தால் (ஜியோஜீப்ராவில் இதற்கு வசதி உண்டு), அந்தத் தடமே தலைகீழான இன்னொரு பரவளையமாக வரும். இது எந்தப் பயிற்சிக் கணக்கிலும் இல்லாத, பத்தாம் வகுப்புக் கணிதத்தாலேயே நிறுவக்கூடிய உண்மை. கெழு 2-க்கும் -2-க்கும் இடையே இருக்கும்போது வளைகோடு எக்ஸ் அச்சைத் தொடவே தொடாது, சரியாக 2-இல் தொட்டு நிற்கும், தாண்டினால் இரண்டு இடத்தில் வெட்டும். தன்மைக்காட்டி என்று வாய்ப்பாடாக மட்டும் படித்தது இங்கே கண்ணெதிரே நடக்கிறது.

வரைபடக் கணிப்பான் சொல்வதை அப்படியே நம்பவும் கூடாது. இரண்டு அச்சுகளின் அளவுத்திட்டம் வேறுபட்டால் வட்டம் நீள்வட்டமாகத் தெரியும், சாய்வு 1 உள்ள கோடு படுத்துக் கிடக்கும். எக்ஸ் வர்க்கத்திலிருந்து 4-ஐக் கழித்து, எக்ஸ் கழித்தல் 2-ஆல் வகுக்கும் கோவையை வரைந்தால் இடைவெளியே இல்லாத நேர்க்கோடு தெரியும். எக்ஸின் மதிப்பு 2 ஆகும் இடத்தில் அந்தக் கோட்டில் ஒரு புள்ளி இல்லை. அவ்வளவு சிறிய ஓட்டை திரையில் தெரியாது. விகிதமுறு கோவைகளைச் சுருக்கும்போது "எக்ஸ் 2-க்குச் சமமில்லை" என்று ஓரத்தில் எழுதுவோமே, அந்த வரி எதற்கு என்று மாணவர் கேட்கும் நாளில் இந்தப் படத்தைக் காட்டுங்கள்.

பார்வைச் சவாலுள்ள மாணவர் வகுப்பில் இருந்தால் ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். டெஸ்மோஸ் வரைபடத்தை ஒலியாகவும் தரும். கோட்டின் மேல் இடமிருந்து வலமாக நகரும்போது, கோடு ஏறினால் சுருதி ஏறும், இறங்கினால் இறங்கும். பரவளையம் இறங்கி ஏறுவதைக் காதால் கேட்கலாம். வரைபடக் கேள்விக்கு மாற்றாக வேறு கேள்வியைக் கொடுத்து ஒதுக்கிவிடாமல், அந்த மாணவரையும் வரைபடத்துக்குள் கொண்டுவர இது வழி.

விரிதாள்

எக்செல் அல்லது லிப்ரே ஆபீஸ் கால்க் எல்லாப் பள்ளிக் கணினியிலும் இருக்கிறது. கட்டணப் பட்டியல் போட மட்டும் பயன்படுகிறது. எண்களோடு பழக இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியாது.

எட்டாம் வகுப்புக் கூட்டு வட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஊரில் "நூற்றுக்கு ரெண்டு ரூபாய் வட்டி" என்று பேசுவதைப் பிள்ளைகள் கேட்டிருப்பார்கள். அது மாதத்துக்கு 2 சதவீதம். 10,000 ரூபாய்க்குத் தனிவட்டியாகப் போட்டால் ஓராண்டு முடிவில் 12,400; வட்டியைக் கட்டாமல் விட்டு அது முதலோடு சேர்ந்தால் 12,682. கடன் எத்தனை மாதத்தில் இரட்டிக்கும் என்று கணிக்கச் சொல்லுங்கள். தனிவட்டியில் 50 மாதம். கூட்டு வட்டியில் 35-ஆம் மாத முடிவில் 20,000-க்கு ஏறத்தாழ ஒரு ரூபாய்தான் குறைவு; 36-இல் தாண்டிவிடும். ஒரு கட்டத்தில் வாய்ப்பாட்டை எழுதி, அதைக் கீழே இழுத்துக்கொண்டே போனால் இது முழுவதும் வரிசையாக வந்துவிடும். வட்டி வீதத்தை 3 ஆக்கினால் என்ன ஆகும் என்று அவர்களே மாற்றிப் பார்ப்பார்கள். வீட்டுக்குப் போய்ச் சொல்லவும் செய்வார்கள். அது அந்த வீட்டுக்கு உதவும்.

ஒன்பதாம் வகுப்புப் பட்டறி நிகழ்தகவுக்கு முதலில் நிஜப் பகடை. முப்பது பேர், ஆளுக்கு இருபது முறை, மொத்தம் 600. ஒவ்வொரு முகமும் 100 முறை வர வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். பத்துப் பதினைந்து கூடவோ குறையவோ இருக்கும். "6000 முறை உருட்டினால் இந்த வித்தியாசம் கூடுமா, குறையுமா?" குறையும் என்றே பெரும்பாலோர் எழுதுவார்கள். 1 முதல் 6 வரை ஏதேனும் ஒரு முழு எண்ணைத் தரும் வாய்ப்பாட்டை விரிதாளில் 6000 வரிசைக்கு இழுத்துவிடுங்கள். 1000-லிருந்து முப்பது, நாற்பது என்று விலகியிருக்கும். எண்ணிக்கையில் வித்தியாசம் பெருகியிருக்கிறது. மொத்தத்தோடு ஒப்பிட்டால் விகிதம் சுருங்கியிருக்கிறது. பெரியவர்களே குழம்பும் இடம் இது. கைப் பகடையைத் தவிர்த்துவிட்டு நேராகக் கணினிக்குப் போக வேண்டாம். உருட்டிய கைக்குத்தான் திரையில் ஓடும் எண்கள் பகடையாகத் தெரியும்.

மேல்வகுப்பு மாணவர்களுக்கு இன்னொன்று. ஓர் எண்ணின் வர்க்கத்தோடு அதே எண்ணையும் 41-ஐயும் கூட்டச் சொல்லுங்கள். 0-க்கு 41, 1-க்கு 43, பிறகு 47, 53, 61, 71. எல்லாம் பகா எண்கள். விரிதாளில் இழுத்துக்கொண்டே போனால் 39 வரை ஒன்றுகூடத் தவறாது. நாற்பது முறை நடந்த ஒன்று நாற்பத்தோராம் முறையும் நடக்கும் என்று யார்தான் சொல்லமாட்டார்கள்? 40-க்கு 1681 வரும். அது 41 பெருக்கல் 41. கணிதத் தொகுத்தறிதலைப் பதினோராம் வகுப்பில் தொடங்கும் முன் இதைக் காட்டிவிட்டால், "இத்தனை முறை சரியாக வந்ததே, இன்னும் எதற்கு நிரூபணம்?" என்ற கேள்வி பிறகு எழாது.

சின்ன வகுப்புகளுக்கு

ஐந்தாம் வகுப்பு வரை திரையைக் குறைவாகவே பயன்படுத்துங்கள் என்பது என் உறுதியான கருத்து. மணிச்சட்டமும் புளியங்கொட்டையும் மடித்த காகிதமும் கையில் இருக்க வேண்டும். பின்னம் முதலில் கையில் நடக்க வேண்டும், அப்புறம்தான் படத்தில்.

அந்த அப்புறத்துக்குப் பெட் உருவகப்படுத்தல்கள் இருக்கின்றன. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில், இயற்பியலுக்கு நோபல் பரிசு பெற்ற கார்ல் வைமன் 2002-இல் தொடங்கிய திட்டம். இயற்பியலுக்குப் பெயர் பெற்றது என்றாலும் பள்ளிக் கணிதத்துக்கும் நல்ல உருவகப்படுத்தல்கள் உள்ளன; சில தமிழிலும் கிடைக்கின்றன. ஒரே பின்னத்தை வட்டமாக, செவ்வகமாக, குவளையாக, எண்கோட்டில் புள்ளியாக மாற்றி மாற்றிக் காட்டும் ஒன்று இருக்கிறது. கடைசியாகச் சொன்ன எண்கோடுதான் முக்கியம். பின்னம் என்றாலே ஒரு வட்டத்தை வெட்டிய துண்டு என்று நினைக்கும் பிள்ளை, நான்கில் ஏழு எங்கே இருக்கும் என்றால் திகைக்கும். பின்னமும் ஓர் எண், அதற்கும் எண்கோட்டில் ஓர் இடம் உண்டு என்று தெரிந்த பிள்ளை திகைக்காது. பரப்பு மாதிரியைக் காட்டும் இன்னொன்றில் 23 பெருக்கல் 14-ஐ ஒரு செவ்வகமாகப் பிரிக்கலாம்: 200, 80, 30, 12, கூட்டினால் 322. இதே செவ்வகம் எட்டாம் வகுப்பில் இயற்கணித முற்றொருமையாகத் திரும்பி வரும். ஆகவே ஆரம்பப் பள்ளி ஆசிரியரும் உயர்நிலைப் பள்ளி ஆசிரியரும் ஒரே படத்தைப் பயன்படுத்துவதாகப் பேசி வைத்துக்கொள்வது நல்லது.

காணொலிகள்

கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டில் தொடங்கியது. மணற்கேணி செயலி 2023-இல் வந்தது. பாடநூலை ஒட்டிய அசைவூட்டக் காணொலிகள் தமிழிலேயே உள்ளன. 2017-இல் தொடங்கிய தீக்‌ஷா தளம் பாடநூலின் விரைவுக் குறியீடுகளோடு இணைந்தது. இலங்கையில் தமிழ்வழி படிப்போருக்கு அந்நாட்டுக் கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ உண்டு. ஆங்கிலம் படிக்க முடிந்தவர்களுக்குக் கான் அகாடமியின் காணொலிகளைவிடப் பயிற்சிகள் பயன் தரும். சிக்கிக்கொண்டால் ஒவ்வொரு படியாக உதவி காட்டும்.

காணொலியில் மாணவர் மாற்ற எதுவும் இல்லை. அதனால் வகுப்பு நேரத்தில் அதற்கு இரண்டாம் இடம்தான். காய்ச்சலில் ஒரு வாரம் வராத பிள்ளைக்கும், தேர்வுக்கு முன் ஒரு பகுதியைத் திரும்பப் பார்க்க விரும்புபவருக்கும் அது பெரிய துணை. புதிதாகக் கணிதம் எடுக்கும் ஆசிரியர் வேறொருவர் எப்படி நடத்துகிறார் என்று பார்த்துக்கொள்ளவும் உதவும். வகுப்பில் போட்டே ஆக வேண்டும் என்றால், விடை வருவதற்கு முந்தைய நொடியில் நிறுத்துங்கள். எங்கே நிறுத்துவது என்று முன்னாளே பார்த்துக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

தானே திருத்தும் வினாக்கள்

கூகுள் படிவத்தில் பத்துக் கேள்வி போட்டால் மதிப்பெண் உடனே வந்துவிடும். ஆனால் மதிப்பெண்ணைவிடத் தவறான விடைகளே நமக்கு வேண்டியவை. ஆகவே தவறான தெரிவுகளை யோசித்து எழுதுங்கள். இரண்டில் ஒன்றையும் மூன்றில் ஒன்றையும் கூட்டும் கணக்குக்கு 5/6 சரியான விடை. 2/5-ஐத் தேர்ந்தவர் மேலோடு மேலும் கீழோடு கீழும் கூட்டியிருக்கிறார். 2/6-ஐத் தேர்ந்தவர் பகுதியைச் சமமாக்கத் தெரிந்தவர், தொகுதியை மாற்ற மறந்தவர். இவர்கள் இருவருக்கும் ஒரே விளக்கம் சொன்னால் ஒருவருக்காவது பயன்படாது.

தசமத்தில் இன்னும் நுட்பம் தேவை. 0.5, 0.35, 0.125 ஆகியவற்றில் பெரியது எது என்றால், இலக்கம் அதிகமானால் எண் பெரிது என்று நினைப்பவர் 0.125 என்பார், பிடிபட்டுவிடுவார். இலக்கம் குறைந்தால் எண் பெரிது என்று நேர்மாறாக நினைப்பவரும் உண்டு. அவர் 0.5 என்று சரியாகவே சொல்லி முழு மதிப்பெண் வாங்கிவிடுவார். 0.4, 0.73 இரண்டில் பெரியது எது என்ற அடுத்த கேள்விதான் அவரைக் காட்டிக்கொடுக்கும். ஆகவே ஒரு கருத்துக்கு ஒரு கேள்வி ஒருபோதும் போதாது.

விடையைச் சொல்லிவிடும் செயலிகள்

கணக்கைப் படம் பிடித்தால் படிப்படியாக விடை தரும் போட்டோமேத் போன்ற செயலிகளும், கேட்டால் பதில் எழுதும் சாட்ஜிபிடி போன்றவையும் மாணவர்கள் கைக்கு வந்துவிட்டன. தடை போட்டுப் பயனில்லை. வீட்டுப்பாடத்தைத்தான் மாற்ற வேண்டும். "இந்தச் சமன்பாட்டைத் தீர்" என்பதை, "மூலங்கள் இரண்டும் குறை எண்களாக உள்ள இருபடிச் சமன்பாடு ஒன்றை அமைத்து, எப்படி அமைத்தாய் என்று எழுது" என்று மாற்றினால் ஒவ்வொரு நோட்டிலும் வேறு விடை இருக்கும். அந்தச் சமன்பாட்டை வைத்து மறுநாள் இரண்டு கேள்வி வாயால் கேளுங்கள். சொந்தமாக அமைத்தவர் யார் என்று உடனே தெரியும்.

உரையாடும் செயலிகளைக் கவனமாகப் பயன்படுத்தினால் அது நல்ல பாடமும் ஆகும். அவை அடுத்து வரக்கூடிய சொல்லைக் கணித்து எழுதுபவை. சரியான தீர்வையும் தவறான தீர்வையும் ஒரே உறுதியோடு சொல்லும். அவை எழுதிய தீர்வு ஒன்றை அச்சிட்டுக் கொடுத்து, ஒவ்வொரு படிக்கும் பக்கத்தில் காரணத்தை மாணவர் எழுத வேண்டும் என்று சொல்லுங்கள். காரணம் எழுத முடியாத படியில் ஒன்று பிழை இருக்கும், இல்லையென்றால் மாணவருக்குப் புரியாத கருத்து இருக்கும். இரண்டும் தெரிய வேண்டியவைதான்.

ஆய்வகம், மின்சாரம், இணையம்

அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர் தொழில்நுட்ப ஆய்வகம் இருக்கிறது. ஒரு கணினிக்கு இரண்டு பேரை உட்கார வையுங்கள். மூவரானால் ஒருவர் வேடிக்கை பார்ப்பார். ஒருவரே உட்கார்ந்தால் கணிப்பைச் சொல்லி வாதாட ஆள் இருக்காது. சுட்டெலியைப் பிடிப்பவர் தானாக எதையும் நகர்த்தக் கூடாது, பக்கத்தில் இருப்பவர் சொல்வதை மட்டுமே செய்ய வேண்டும் என்று ஒரு விதி வையுங்கள். பாதி நேரத்தில் இடம் மாறட்டும். கூச்சப்படும் பிள்ளைகள், குறிப்பாகப் பின்னால் ஒதுங்கும் பெண் பிள்ளைகள், வாய் திறந்து கணிதம் பேச இந்த ஒரு விதி போதும்.

கணினி இல்லாமல் உங்கள் கைப்பேசியும் ஓர் ஒளிவீழ்த்தியும் மட்டும் இருந்தால், நீங்கள் நகர்த்துங்கள். கணிப்பு மட்டும் முப்பது நோட்டிலும் இருக்க வேண்டும். ஒளிவீழ்த்தியும் இல்லையென்றால் வீட்டில் நான்கு நிலைகளைப் படமெடுத்து, ஒரு தாளில் அச்சிட்டு, ஐந்தாவது எப்படி இருக்கும் என்று வரையச் சொல்லலாம். முக்கோண மையப் பாடம் அப்படியும் நன்றாகவே நடக்கும்.

இணையத்தை நம்பி வகுப்புக்குள் போகாதீர்கள். ஜியோஜீப்ராவை நிறுவி, பணித்தாளைக் கோப்பாகவே சேமித்துக்கொள்ளுங்கள். பெட் உருவகப்படுத்தல்களைத் தரவிறக்கினால் ஒவ்வொன்றும் ஒரே கோப்பு. பென்டிரைவில் போட்டு எந்தக் கணினியிலும் திறக்கலாம். தீக்‌ஷாவிலும் பாடங்களைக் கைப்பேசியில் இறக்கி வைக்கலாம். அச்சிட்ட விரைவுக் குறியீடு பழைய முகவரிக்கு இட்டுச் செல்லக்கூடும் என்பதால் முந்தின நாளே ஒருமுறை வருடிப் பாருங்கள்.

ஆசிரியருக்கு

மேலே சொன்னவை மாணவருக்கு. உங்களுக்கென்று இரண்டு மூன்று. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1996-இல் தொடங்கிய என்ரிச் தளத்தில், ஒரே கணக்கை ஆறாம் வகுப்புப் பிள்ளையும் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளையும் தத்தம் அளவில் தொடங்கும்படி அமைந்த புதிர்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் வெளியிடும் அட் ரைட் ஏங்கிள்ஸ் இதழ் நம் நாட்டு வகுப்பறைகளை அறிந்தவர்கள் எழுதுவது, இணையத்தில் இலவசம். இரண்டும் ஆங்கிலத்தில் என்பது தடைதான். வட்டாரத்தில் நான்கு கணித ஆசிரியர்கள் சேர்ந்தால் மாதம் ஒரு புதிரைத் தமிழாக்கிப் பகிர்ந்துகொள்ளலாம்.

நீல் ஸ்லோன் 1964-இல் அட்டைகளில் குறிக்கத் தொடங்கிய எண் தொடர்களின் தொகுப்பு இன்று இணையக் கலைக்களஞ்சியமாக வளர்ந்திருக்கிறது. மாணவர் தீக்குச்சியாலோ புள்ளிகளாலோ ஓர் அமைப்பைக் கட்டி, அதிலிருந்து 1, 3, 6, 10 போல ஒரு தொடரைக் கண்டுபிடித்தால், அந்த எண்களைத் தேடுபெட்டியில் இட்டுப் பாருங்கள். அதே தொடர் கணிதத்தில் வேறு எங்கெல்லாம் வருகிறது என்று பக்கம் பக்கமாக வரும். ஆங்கிலமாக இருந்தாலும் எண்களும் படங்களும் எல்லோருக்கும் படிக்கக் கிடைக்கும். மாணவர் பொதுவிதியைத் தானே எழுதிய பிறகு மட்டும் இதைத் திறங்கள்.